வெள்ளாற்றங்கரையில் ராபர்ட் மோரிஸ்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போக வேண்டிய பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. உள்ளூர் நண்பர் வண்டியோடு வந்து நின்றார். "சும்மா ஏன் இங்க உக்காந்திருக்கீங்க, வாங்க சார், பட்டறையப் பாத்துட்டுப் போயிடலாம்" என்று பின்னால் ஏற்றிக்கொண்டார்.

பீங்கான் பட்டறை காலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நடுத்தர வயது அம்மா ஒருவர் வாளியில் இருந்த களிக்கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் விளிம்புவரை ஊற்றினார். மோரை விடக் கெட்டி, தோசை மாவை விட நீர்ப்பு. அச்சு மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரை ஒட்டிக் களி படிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அச்சைக் கவிழ்த்து மிச்சக் கூழை வாளியிலேயே வடித்தார். இன்னும் சற்றுப் பொறுத்து, இரண்டு பாதியாக இருந்த அச்சைப் பிரித்தார். உள்ளே ஒரு கோப்பை நின்றது. ஈர ஸ்பாஞ்சால் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பலகையில் வைத்தார். நான் கையை நீட்டினேன். "தொடாதீங்க சார், ஒடஞ்சிடும். சூளைக்குப் போயிட்டு வந்தாத்தான் அதுக்கு உசுரு" என்றார்.

அந்தக் கோப்பையை நான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. என் பையில் இருந்த புத்தகம் பிலடெல்பியா நகரத்து வணிகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவர் அவர். போர் முடிந்த கையோடு, அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலுக்குப் பாதி முதல் போட்டதும் அவரே. அந்தக் கப்பல் திரும்பி வந்தபோது தேயிலையோடும் பட்டோடும் பீங்கான் பாத்திரங்களையும் ஏற்றி வந்தது. பெயர் ராபர்ட் மோரிஸ்.

அவர் கதையைப் படிக்க விருத்தாசலத்துக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்கும் ஏன் வர வேண்டும்? அவர் கடன் வாங்கி நடத்திய போரின் கடைசிச் சண்டை இந்த மாவட்டத்தில்தான் நடந்தது. கடலூரில், 1783 ஜூனில். பள்ளியில் அமெரிக்கப் புரட்சியைப் பாடமாகப் படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்த நாளிலிருந்து ஒருமுறையாவது வெள்ளாற்றைப் பிடித்துக்கொண்டே கடல்வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மனத்தில் கிடந்தது.

கருவேப்பிலங்குறிச்சி பெரிய ஊர் அல்ல. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், பெண்ணாடம் பக்கம் பிரியும் முக்கு. டீக்கடை, உரக்கடை, கரும்பு ஏற்றிய டிராக்டர். கொஞ்ச தூரத்தில் வெள்ளாறு. கோடையில் ஆறு என்று சொன்னால் நம்ப முடியாது. கண்ணுக்கு எட்டியவரை மணல், நடுவில் கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு தண்ணீர்க் கோடு. கரையோர மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

மோரிஸ் 1734இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், புகையிலை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனாரிடம் மேரிலாந்துக்கு வந்து சேர்ந்தார். தகப்பனாரின் சாவு விசித்திரமானது. அவருக்கு மரியாதையாகக் கப்பலில் சுட்ட பீரங்கியின் அடைப்புத் துணி அவர் மேலேயே பட்டு, அந்தக் காயத்தில் இறந்தார். பையன் பிலடெல்பியாவில் வில்லிங் குடும்பத்தின் கிட்டங்கியில் வேலை பழகினான். 1757இல் அந்த வீட்டுப் பிள்ளை தாமஸ் வில்லிங்கோடு கூட்டு சேர்ந்தான். 'வில்லிங் அண்டு மோரிஸ்' கப்பல்கள் மாவு, புகையிலை, சர்க்கரை ஏற்றின. அடிமைகளையும் ஏற்றின. 1760களில் அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க மனிதர்களை வாங்கி விற்றிருக்கிறது. விடுதலைக்குப் பணம் கொடுத்தவரின் கல்லாவில் இந்தக் காசும் கலந்திருந்தது என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரப் பிரகடனத்துக்கு வாக்கெடுப்பு நடந்த 1776 ஜூலை 2 அன்று மோரிஸ் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார். நேரம் இன்னும் கனியவில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் ஆகஸ்டில் மற்றவர்களோடு கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பின்வாங்கவே இல்லை. அந்த வருடக் கடைசியில் அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் படை கலையும் நிலையில் இருந்தது. சிப்பாய்களின் ஒப்பந்தக் காலம் முடிகிறது, கையில் காசு இல்லை. வாஷிங்டன் ஆள் அனுப்பினார். 1777 புத்தாண்டு நாளில் மோரிஸ் தன் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கி ஐம்பதாயிரம் டாலரை அனுப்பி வைத்தார்.

புத்தகத்தில் நான் இருந்த இடம் அதுதான். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு தம்பி? ஆத்தப் பாத்துக்கிட்டே என்ன படிக்கிற?"

முடிந்தவரை சுருக்கிச் சொன்னேன். ஒரு நாடு வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டது, அரசாங்கத்திடம் பணம் இல்லை, ஒரு வியாபாரி தன் கையெழுத்தைப் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார், அதை எல்லோரும் பணமாக வாங்கிக்கொண்டார்கள் என்றேன்.

பெரியவர் யோசித்தார். "அப்ப நாணயமான ஆளுன்னு சொல்லு" என்றார்.

நம் மொழியில் காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம். மோரிஸின் கதையில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கிடக்கின்றன. 1780க்குள் அமெரிக்கக் காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் குப்பையாகிவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் காங்கிரஸே நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று மதிப்பை இறக்கியது. 1781இல் மோரிஸை நிதிக் கண்காணிப்பாளராக நியமித்தார்கள். கஜானா காலி. அவர் தன் பெயரிலேயே சீட்டு அச்சிட்டார். அரசாங்கம் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். நம் செட்டிநாட்டு உண்டியலை நினைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கும். தவணை நீண்ட சீட்டை 'நெட்டை பாப்' என்றும், சீக்கிரம் பணமாகும் சீட்டைக் 'குட்டை பாப்' என்றும் சனங்கள் செல்லமாகக் கூப்பிட்டார்கள். ராபர்ட்டின் சுருக்கம் பாப். ஒரு தேசத்தின் காகிதம் செல்லாமல் போன இடத்தில் ஒரு மனிதரின் பெயர் செல்லுபடியானது.

அந்த 1781 கோடையில் வாஷிங்டன் நியூயார்க் பக்கமிருந்து வர்ஜீனியாவின் யார்க்டவுனுக்குப் படையை நகர்த்த முடிவு செய்தார். படகு வேண்டும், மாவு வேண்டும், இறைச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மோரிஸின் சீட்டு. பதினான்கு லட்சம் டாலர்வரை அவர் தன் பெயரில் பொறுப்பேற்றார் என்று சொல்வார்கள். சிப்பாய்கள் ஒரு கட்டத்தில், கையில் ரொக்கம் வராமல் அடி எடுத்து வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவின் படைப் பெட்டியிலிருந்து இருபதாயிரம் வெள்ளி டாலரை மோரிஸ் கைமாற்றாக வாங்கினார். எல்க் ஆற்று முனையில் பீப்பாய்களின் மூடியை உடைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வெள்ளியைத் தரையில் கொட்டினார்களாம். வருடக்கணக்கில் சம்பளம் பார்க்காத ஆட்கள் அவர்கள். அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது.

அதே 1781 ஜூலை முதல் தேதி, இந்த வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கத்தான் நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகசாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது தர்காவில் மரியாதை வாங்கிக்கொண்டு போவார் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வழியில் கூடலையாற்றூருக்கு அருகில் மணிமுத்தாறு வெள்ளாற்றில் வந்து சேர்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டினால் வயல் பச்சை. பஸ் பாதி வழியில் பழுதாகி முக்கால் மணி நேரம் நின்றது. பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது உச்சி வெயில்.

ஆங்கிலேயருக்கு இது போர்ட்டோ நோவோ. முஸ்லிம் வணிகர்களுக்கு மஹ்மூத் பந்தர். இங்கேதான் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெரும்படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் எண்ணாயிரம் பேர் கொண்ட படையும் மோதின. ஹைதர் தோற்றார். அதற்கு இரண்டு வாரம் முன்பு சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போன அயர் கூட்டை ஹைதரின் ஆட்கள் விரட்டியடித்திருந்தார்கள். கோயில் மதில் அப்போது கோட்டை மதில்.

ஹைதரின் போரும் அமெரிக்கப் போரும் தனித்தனி இல்லை. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும், ஆங்கிலேயர் இங்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியையும் அடுத்த ஆண்டு மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே வழியாகத்தான் ஹைதருக்குத் துப்பாக்கியும் மருந்தும் வந்துகொண்டிருந்தன. அந்தக் கோபத்தோடு அவர் 1780இல், அன்று கர்நாடிக் என்று அழைக்கப்பட்ட இந்தத் தமிழ்ப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை அழித்தார். செய்தி கடல் கடந்து பிலடெல்பியாவுக்கும் போனது.

அங்கே டெலவேர் ஆற்று முகத்தில் ஆங்கிலக் கப்பல்கள் வணிகர்களை வாட்டிக்கொண்டிருந்தன. பென்சில்வேனியா மாநிலமும் பிலடெல்பியா வணிகர்களும் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலுக்குப் பதினாறு பீரங்கி பூட்டினார்கள். அதன் பெயர் 'ஹைதர் அலி'. 1782 ஏப்ரல் 8 அன்று, ஜோசுவா பார்னி என்ற இருபத்திரண்டு வயதுத் தலைவன், தன்னை விடப் பெரிய 'ஜெனரல் மோங்க்' என்ற ஆங்கிலக் கப்பலை அரை மணி நேரத்துக்குள் பிடித்தான். சுக்கான் பிடிப்பவனிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தான்: நான் அடுத்து என்ன உத்தரவு கத்தினாலும் நேர் எதிராகத் திருப்பு. எதிரி காதில் விழும்படி கத்தினான். எதிரி அதை நம்பித் திரும்ப, 'ஹைதர் அலி' குறுக்கே வந்து நின்று சுட்டது. அந்தச் சமயத்தில் நிஜ ஹைதர் அலி உயிரோடு நம் பக்கத்தில்தான் இருந்தார். பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் கரையிறங்கி அவரோடு சேர்ந்து கடலூரைப் பிடித்ததும் அதே ஏப்ரல் மாதத்தில்தான்.

பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் படகுக்காரர் ஒருவரோடு அரை மணி நேரம் நின்றேன். காலையில் கணுக்கால் அளவாகப் பார்த்த ஆறு இங்கே அகன்று, உப்பு மணத்தோடு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. "போன வாட்டி புயல்ல மணல் மேடு அந்தப் பக்கம் நவுந்துடுச்சு அண்ணே" என்று கையைக் காட்டினார். இந்தக் கரையில் கிடந்த பிணங்களை யார் எடுத்தார்கள், யார் புதைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்டால் அமெரிக்காவில் ஒரு பெயர் சொல்கிறார்கள். இங்கே யார் கொடுத்தது? ஆற்காட்டு நவாப் முகமது அலி, போருக்கும் ஆடம்பரத்துக்கும் சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தனியாட்களிடம் வட்டிக்கு வாங்கினார். பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் அவர்களில் முக்கியமானவர். அடமானம் எது? ஊர்களின் நிலவரி. உழுதவன் களத்தில் குவித்த நெல் வட்டியாகப் போனது. 1785 பிப்ரவரியில் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்த ஆற்காட்டுக் கடன் மோசடியைக் கிழித்துத் தொங்கவிட்டார். மோரிஸும் பென்ஃபீல்டும் ஒரே காலத்தவர்கள், இருவருமே போர்க்காலக் கடன்காரர்கள். ஒருவர் தன் பெயரை அடமானம் வைத்தார். இன்னொருவர் நம் முப்பாட்டன்மாரின் வயலை அடமானமாக வாங்கினார். மோரிஸை நான் மதிப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

ஹைதரின் படையும் சும்மா போகவில்லை. எதிரிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று ஊர் ஊராக எரித்தது, ஏரிகளை உடைத்தது. 1782இல் சென்னைக்குள் பஞ்சம் புகுந்தது. பட்டினியால் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது அதன் வழியில்தான். இன்று ஸ்டான்லியில் வரிசையில் நிற்பவருக்கு அது ஒரு போரின் எச்சம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாலையில் கடலூர் போய்ச் சேர்ந்தேன். வண்டிப்பாளையம் பக்கத்துச் செம்மண் மேடுகளைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். 1783 ஜூன் முதல் வாரத்தில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை ஒரு தோளை இந்த மேட்டிலும் இன்னொரு தோளைக் கடலிலும் சாய்த்துக்கொண்டு பாளையம் இறங்கியது. ஊருக்குள் கிழவரான பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஹைதர் முந்தைய டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அவர் மகன் திப்பு அனுப்பியிருந்த படை புஸ்ஸியோடு இருந்தது. ஜூன் 13 சண்டையில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவருமாக ஆயிரம் பேருக்கு நெருக்கம். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் பதினைந்து கப்பல்கள் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸின் பதினெட்டுக் கப்பல்களோடு மோதின. ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார். 25 அன்று பிரெஞ்சுக்காரர் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து தோற்றுத் திரும்பினார்கள்.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் ஒன்று சென்னையிலிருந்து செய்தி கொண்டுவந்தது. ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஜனவரி 20 அன்றே முடிந்துபோன போருக்காக ஜூனில் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள். அவர்களில் நம் சிப்பாய்களும் உண்டு. செய்தி வழியில் வந்துகொண்டிருந்த காலமெல்லாம் இங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அந்தக் கரையில் குழந்தைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்டல்காரர் தள்ளுவண்டியில் காஸ் விளக்கு ஏற்றினார். நான் நடந்த தூரத்தில் அந்த நாட்களைச் சொல்லும் ஒரு கல்வெட்டும் என் கண்ணில் படவில்லை.

மோரிஸுக்கு என்ன ஆயிற்று? முடிவு நன்றாக இல்லை. 1784 பிப்ரவரியில் அவர் பாதி முதல் போட்ட 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' நியூயார்க்கிலிருந்து முப்பது டன்னை நெருங்கிய ஜின்செங் வேரோடு கான்டனுக்குக் கிளம்பியது. அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பியபோது போட்ட முதலில் கால்வாசி லாபம். குடியரசுத் தலைவரான வாஷிங்டன் நிதி அமைச்சர் பதவி கொடுத்தார். வேண்டாம் என்று ஹாமில்டனைக் கைகாட்டினார். பிலடெல்பியாவில் இருந்த தன் வீட்டைக் குடியரசுத் தலைவர் குடியிருக்கக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிலத்தில் ஆசை வைத்தார். கூட்டாளிகளோடு சேர்ந்து லட்சக்கணக்கான ஏக்கரைக் கடனில் வாங்கிக் குவித்தார். விற்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு தேசத்தைத் தாங்கிய கையெழுத்தை இப்போது யாரும் வாங்கவில்லை. 1798 பிப்ரவரியில் கடனாளிகள் சிறைக்குப் போனார். அந்த ஆண்டு பிலடெல்பியாவுக்கு வந்த வாஷிங்டன், சிறைக்குள்ளேயே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றரை வருடம் கழித்து, திவால் சட்டத்தின் கீழ் வெளியே வந்தபோது அவர் பெயரில் நின்ற கடன் சுமார் முப்பது லட்சம் டாலர். 1806 மே 8 அன்று இறந்தார்.

இதைப் படிக்கும்போது எந்தத் தமிழனுக்கும் வ.உ. சிதம்பரம் பிள்ளை ஞாபகம் வராமல் இருக்காது. 1906இல் பத்து லட்சம் ரூபாய் முதலில், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகளோடு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு எட்டாயிரம் பங்கு எடுத்தார். சிறையில் செக்கிழுத்துத் திரும்பிய பிள்ளையவர்களுக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. மோரிஸின் வறுமைக்கு அவருடைய பேராசை காரணம். பிள்ளையவர்களின் வறுமைக்குக் காரணம் நாம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் அமெரிக்கப் புரட்சி வரும்போது, பிள்ளைகளை ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அந்தப் பாடத்தை நடத்துங்கள். யார்க்டவுனைப் படத்தில் காட்டலாம், கடலூரைக் காலால் நடந்தே காட்டலாம். பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளிடம் ஹைதர் அலி என்ற கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள். விருத்தாசலத்துப் பிள்ளைகளிடம் ஒரு பீங்கான் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடலூரில் பீரங்கி ஓய்ந்து ஒன்றரை வருடம் கழித்து, 1784 டிசம்பர் 26 அன்று, 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் பக்கத்துப் புதுச்சேரியில் நங்கூரம் போட்டது. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த முதல் கப்பல் அது. புறப்பட்ட ஊர் பிலடெல்பியா.